தரம் குறையாமல் வெட்டி எடுத்த அண்ணன்

வெட்டி எடுக்கப்பட்ட ஆட்களில் முதலாமவர் எங்கள் ஓடப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்தில் என்பதால், பட்டு வேட்டியும் நெற்றியில் காயாத சந்தனமும் சட்டைப் பையில் குத்திய ஒற்றை ரோஜாவுமாக அவர் நாச்சிமுத்துவின் வீடியோக் கடைப் படியில் நின்று, "பந்தி எந்தப் பக்கமுங்க?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டபோது, யாரும் அவரை அதிசயமாகப் பார்க்கவில்லை, தேதி தவறி வந்துவிட்ட ஒறம்பரை, யார் வீட்டு விருந்தாளியோ என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம் வெயிலில் நிற்கிறார் என்று ஒருவர் மோர் கொண்டுவந்து நீட்டினார், அவர் சிரித்து, கும்பிட்டு, ரோஜாவைச் சரிசெய்து, திரும்பவும் "பந்தி எந்தப் பக்கமுங்க?" என்று மோர் கொண்டுவந்தவரிடமே கேட்டார், பொழுது சாயும் வரைக்கும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார், தறி ஓட்ட ராத்திரி முறைக்குப் போனவர்கள்தான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெள்ளிங்கிரி மண்டபத்து வாசலில் விட்டார்கள், கல்யாணத்துக்கு வந்தவரைக் கல்யாண மண்டபத்தில் விடுவதுதானே முறை.

அவர் மின்வாரியத்து ராமலிங்கத்தின் சம்பந்தி என்று மறுநாள் தெரிந்தது. பவானியில் குடியிருக்கும் சம்பந்தி அல்ல, அந்தப் பவானிக்காரருக்குத் தலை நரைத்து முன்பல்லும் போய்விட்டது. இவர், ராமலிங்கத்தின் மகன் கல்யாணத்தன்று எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிற சம்பந்தி. முந்தின வாரம்தான் ராமலிங்கம் ஒரு சொல் பொறுக்காமல் கல்யாண டிவிடியை நாச்சிமுத்துவிடம் எடுத்துக்கொண்டு போய் அவரைப் படத்திலிருந்து வெட்டச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊரில் உறவு முறிந்தால் முதலில் பேச்சை நிறுத்துவார்கள், பிறகு படியேறுவதை நிறுத்துவார்கள், அதற்கும் ஆத்திரம் அடங்கவில்லை என்றால் கல்யாண டிவிடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்துவிடம் போவார்கள். நாச்சிமுத்து ராத்திரி தறி ஓட்டிக்கொண்டே தானாகக் கம்ப்யூட்டர் படித்தவர், நாற்பதைத் தாண்டியவர், யாருடைய கல்யாணத்தில் யார் எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்பது வரைக்கும் அறிந்தவர், ஆனால் வெளியில் சொல்லாதவர். முன்பெல்லாம் அவர் ஓர் ஆளை வெட்டினால் மொத்தக் கல்யாணத்தையும் மறுபடி காய்ச்ச வேண்டியிருந்தது, இரண்டாம் முறை கொதித்த ரசம் மாதிரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப்போகும், பெண்ணின் கன்னம் கட்டம் கட்டமாக உடையும், நகையும் கழுத்தும் ஒன்றாகும், வெட்டப்பட்டவரும் முழுசாகப் போகமாட்டார், புகை மாதிரி எங்காவது ஓரத்தில் ஒட்டியிருப்பார், அதனால் வெட்டச் சொன்னவர்களுக்கும் திருப்தி இருக்காது.

அந்த வருடம்தான் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். டீக்கடையில் கேட்டவர்களுக்கு இப்படிச் சொன்னார்:

"டிவிடிக்குள்ள எல்லாப் படமும் முழுப்படம் இல்லீங்க. அரை வினாடிக்கு ஒருக்கா ஒண்ணே ஒண்ணுதான் முழுசு. மத்ததெல்லாம் அதைப் பாத்து, இவ கண்ணைச் சிமிட்டினா, அவன் கையை நகத்தினான்னு வித்தியாசத்தை மட்டும் சொல்லிட்டே வரும். முழுப்படம் நிக்கற எடமாப் பாத்துக் கத்தி வச்சா எதையும் மறுபடி காய்ச்ச வேண்டியதில்ல. இருக்கறது இருக்கறபடியே இருக்கும், ஒரு புள்ளி கொறையாது."

"வெட்டினது என்னாகுமுங்க?"

"அதுவும் ஒரு புள்ளி கொறையாம முழுசா வந்துரும்."

அவர் சொன்னபடியே வந்தது, கம்ப்யூட்டருக்குள் வராமல் கடைப் படிக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவணி பிறந்து முகூர்த்தம் தொடங்குவதற்குள் வெள்ளிங்கிரி மண்டபம் நிறைந்துவிட்டது. பேச்சு நின்ற நாத்தனார், பங்கு பிரிந்த பங்காளி, காரணமே மறந்துபோன மச்சான் என்று ஊர் முழுக்க வெட்டக் கொடுத்தது, வெட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கடைப் படியில் வந்து நின்று, வழி கேட்டு, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஒவ்வொருவரும் தன் துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வாழ்ந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாழ்ந்தார்கள். ஒருவர் இலையை மடித்து எழுந்து கை கழுவப் போய், ஈரக் கையோடு திரும்பி வந்து, மடிக்காத இலை முன்னால் உட்காருவார். ஒரு பெண் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டே யாரையோ முறைப்பாள், முறைத்து முடித்ததும் மூக்குத்தியைத் தொடுவாள். அவர்கள் சாப்பிடுவதில்லை, வேர்ப்பதில்லை, யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அவர்கள் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், அந்தக் காலத்தில் கேமராக்காரரோடு வந்த லைட்டின் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தது, லைட்டைத்தான் எங்கும் காணோம்.

"கதவைச் சாத்த முடியலீங்க," என்று மண்டபத்து மேனேஜர் காளியண்ணன் கொஞ்ச நாள் புலம்பினார். பிறகு கூட்டம் குறைந்த கல்யாணங்களுக்கு அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கொடுத்ததால், "சோறு மிச்சம், சபை நெறைவு," என்று சொல்லிக்கொண்டார். மின்சாரம் நிற்கிற நாட்களில் வெட்டி எடுத்த ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அந்த முக வெளிச்சத்தில் பூத் தொடுத்தார்கள், பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்தார்கள். துண்டு நீளமாக உள்ளவர்களுக்குக் கிராக்கி இருந்தது, அடிக்கடி முதலுக்குப் போகிறவர்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது, கண் கூசும். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார்கள். தீட்டு விஷயமாகக் கோவில் பூசாரியிடம் ஒரு கேள்வி போயிற்று, ஒரிஜினல் ஆள் செத்தால் இவர்களுக்குத் தீட்டு உண்டா என்று. பூசாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "குளிக்கச் சொன்னாக் குளிக்கப்போறாங்களா? உட்டுருங்க," என்றார்.

வெட்டப்பட்ட ஒரிஜினல் ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவந்தது. ராமலிங்கம் பவானி பஸ் ஸ்டாண்டில் தன் சம்பந்தியை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்புவதற்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்தினார், சம்பந்தியோ பக்கத்தில் வந்து, "ஏனுங்க, ஈரோட்டு வண்டி போயிருச்சுங்களா?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பது மாதிரிக் கேட்டார். நடிப்பில்லை, கண்ணில் ஒரு துளி கோபமில்லை, அறிமுகமே இல்லை. ராமலிங்கம், "இன்னும் வரலீங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துசேர்ந்தார். வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது, ஒரு தழும்புகூட மிச்சமில்லை. அப்படியே ஊர் முழுக்க நடந்தது, சண்டைக்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் மரியாதையான அன்னியர்களாகிவிட்டார்கள், போலீஸ் ஸ்டேஷனில் மனு இல்லை, கோவில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு அடிதடி இல்லை, எங்கே பார்த்தாலும் வாங்க, போங்க, உக்காருங்க. ஊர் அமைதியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்படி வெட்டக் கொடுத்தவர்களில் ஒருத்திதான் கோகிலவாணி. தறிப்பட்டறைத் தெருவில் நாலு தறி வைத்து ஓட்டுகிற பரமேசுவின் பெண்டாட்டி, வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள். அவள் அண்ணன் மோகனசுந்தரம் இரண்டு தெரு தள்ளித் தறி சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடம் முன்பு, தைப்பூசத்துக்கு அவள் பழனிக்குப் பாதயாத்திரை நடந்துகொண்டிருந்தபோது அவள் அம்மா செத்துப்போனாள், செல்போனில் சார்ஜ் இல்லாததால் சேதி அவளுக்கு மறுநாள்தான் கிடைத்தது, ஓடிவந்து பார்த்தபோது சாம்பல்தான் இருந்தது. பெத்தவ மொகத்தைக்கூடப் பாக்க உடாம எடுத்துட்டான் என்று அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். முதல் வருட திதிக்கும் அவள் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை, அந்தக் கோபம் முற்றித்தான் அவள் தன் கல்யாண டிவிடியைக் கொண்டுபோய், பொரியிடுகிற சடங்கில் அண்ணன் வருகிற இடத்தைக் காட்டி, "இவனை எடுத்துருங்கண்ணா, ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது," என்று நாச்சிமுத்துவிடம் சொன்னாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா அம்மிணி?"

"ஆமாங்கறேன்."

வெட்டி எடுத்த அண்ணன் மண்டபத்துக்குப் போகவில்லை, நேராகத் தறிப்பட்டறைத் தெருவுக்கு வந்தார். பழுப்புப் பட்டுச் சட்டை, அரும்பு மீசை, ஒல்லி உடம்பு, கையில் முறம் நிறையப் பொரி. பட்டறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார், நமக்குக் கேட்காத ஐயரின் குரல் அவருக்குக் கேட்டதும் எழுந்தார், ஓமப்புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோகிலா முன்னால் வந்து நின்று, "ஏ புள்ள கோகி, கையை நல்லா ஒட்டி வையி, சிந்திப்போடாதே," என்றார். அவள் யோசிக்காமல் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். பொரி கையில் விழுந்தது, லேசாகச் சுட்டது, நெல்வாசம் அடித்தது, தரையில் சிந்தினது மட்டும் காணாமல் போயிற்று. அண்ணன் அவள் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டிச் சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரிப் பின்பக்கம் போய், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு பானைச் சோறு பொங்கி அடங்கும் நேரம் அவருடைய துண்டு. நாள் முழுக்க அவர் அப்படிக் கையை நீட்டச் சொன்னார், நாள் முழுக்க அவள் நீட்டினாள். தறிச் சத்தத்துக்கு நடுவே நூல் தீர்ந்த நாடாவை மாற்ற எழும்போதெல்லாம் ஒரு தரம் ஏந்திக்கொள்வாள். கோபமில்லாத, அம்மா உயிரோடு இருக்கிற, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத அண்ணன். பரமேசு ஒரு நாள், "இந்த மச்சான் பரவால்ல, நம்மளை ஒரு வார்த்தை சொல்றதில்ல," என்றார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஐப்பசியில் மகள் தர்ஷிணிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். காது குத்துவதென்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மடி இல்லாமல் ஊசி இல்லை. எப்பேர்ப்பட்ட பகையையும் எங்கள் பக்கத்தில் ஒரு காதுகுத்து உடைத்துவிடும், அதற்காகவே பிள்ளைகளுக்குக் காது வளர்கிறது என்று சொல்வார்கள். கோகிலா, அண்ணன் கடைக்குப் போனாள். அவர் திட்டினால் என்ன திட்டுவார், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

"வாங்க அம்மிணி," என்றார் மோகனசுந்தரம். "என்ன வேணுமுங்க? நாடாவா, பெல்ட்டுங்களா?"

நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "என்ர புள்ளைக்குக் காது குத்தறம். நீ வரோணும்," என்றாள்.

"ரொம்பச் சந்தோசமுங்க. கடைவீதியில அல்லாருக்கும் சொல்றீங்களாக்கு."

"மாமன் மடியில வச்சுத்தான் குத்தோணும்."

"ஆமாங்க, மொறை அதுதான். மாமன் எந்த ஊருங்க?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் அவளுக்கு இடமே இல்லை. சுவரில் மாலை போட்ட படத்தில் அம்மா இருந்தாள், அவள் அந்தப் படத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரும் திரும்பினார்.

"எங்கம்மாவப் பழக்கமுங்களா உங்களுக்கு? வர்ற தையோட ரண்டு வருசமாகுது. நான் ஒத்தப் பையன். கடைசி நாள் பூரா ஒரு பேரைச் சொல்லிச் சொல்லி, வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்துச்சு. யாரைக் கேட்டுதுன்னு எனக்கு நெனப்பு வர மாட்டேங்குதுங்க. பேரு நாக்கு நுனி வரைக்கும் வருது, அப்படியே போயிருது." படத்து மாலையை நேராக்கிவிட்டுத் திரும்பினார். "நின்னுட்டே இருக்கறீங்களே, தண்ணி குடிக்கறீங்களா அம்மிணி?"

அம்மா தன்னைத்தான் கேட்டாள் என்பது கோகிலாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் தன்னைத் தெரியாத ஒருவர் வாயால். சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள், "வாரனுங்க" என்றாள், வீடு வரைக்கும் வந்த பிறகுதான் அவரை "ங்க" போட்டுப் பேசியது உறைத்தது. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைப் போடுவதற்கு உலகத்தில் இனி ஆள் இல்லை, கோபம் போனால் பின்னாலேயே வருகிற மற்றதற்கும் ஆள் இல்லை.

ஊர் கூடி யோசித்தது. "மாமன் மாமன்தான், எந்த வருசத்து மாமனா இருந்தா என்ன? அதான் பட்டறையில ஒருத்தரு உக்காந்திருக்காரே," என்றார்கள். குறித்த நாளில் பந்தலில் நாற்காலி போட்டு, வெட்டி எடுத்த அண்ணனை உட்காரவைத்து, தர்ஷிணியை அவர் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக் காதில் பொட்டு வைத்துக் குறி பார்ப்பதற்குள் அண்ணன் ஐயர் கூப்பிட்டுவிட்டார் என்று எழுந்துவிட, பிள்ளை வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி வைத்தார்கள், மறுபடி எழுந்தார். அடுத்த தரம் அவரைத் தோளில் அமுக்கிப் பிடிக்க பரமேசுவின் பங்காளிகள் நின்றார்கள், அவர் அவர்களுடைய கைகளுக்குள்ளேயே எழுந்து நடந்து கோகிலாவிடம் வந்து, "ஏ புள்ள கோகி, கையை நல்லா ஒட்டி வையி," என்றார்.

"இந்த மாமன் வேண்டாம், இவரு என்னையப் பாக்கவே மாட்டேங்கறாரு," என்றது பிள்ளை.

ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். "மடின்னா நிக்கற மடியா இருக்கோணுமுங்க. இது ஓடற மடி," என்றார். விருந்து மட்டும் நடந்தது, காது குத்தவில்லை, சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கை கழுவினார்கள்.

மறுநாள் கோகிலா வீடியோக் கடைக்குப் போனாள்.

"திருப்பி ஒட்டிக் குடுங்கண்ணா."

நாச்சிமுத்து ஏற்கெனவே அதை யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது, அவருக்குத் தூக்கமில்லாத கண். "ஒட்டறதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லீங்க அம்மிணி. துண்டு வெளிய நடமாடிட்டிருக்குது. அதுவாத்தான் போகோணும். வெட்டின எடத்துல படத்தை நிறுத்தி வைக்கலாம். உங்க அண்ணன் எழுந்து வர்ற அந்த மொத முழுப்படத்துலயே உள்ள போயிரோணும், ஒரு நூல் தள்ளிப் போனாலும் அங்கிருந்து மீதிக் கல்யாணம் பூராக் கட்டம் கட்டமா ஒடஞ்சு போயிரும்."

"அவன் எப்படிப் போவான்? என்ர முன்னாலதான வந்து நிக்கறான்."

"அதான் சொல்றேன். நீங்க கை நீட்டறீங்க, அவரு வாராரு. பொரி வாங்கற கை எங்க இருக்குதோ அங்கதான் அவரு இருப்பாரு. நீங்க நீட்டக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறிப்பட்டறைத் தெருவில் எல்லாத் தறியையும் நிறுத்தினார்கள், தறி ஓடினால் படம் நடுங்கும். கோகிலா வீட்டு டிவியைப் பட்டறைக்குத் தூக்கிவந்து நாற்காலிக்கு எதிரே வைத்தார் பரமேசு. தெரு முழுக்க வாசலிலும் சன்னலிலும் நின்றது, ராமலிங்கம்கூட வந்திருந்தார், தறிச் சத்தம் நின்றுபோன அந்தத் தெருவில் எங்கள் மூச்சு எங்களுக்கே புதிதாகக் கேட்டது. நாச்சிமுத்து படத்தை ஓட்டி, வெட்டின இடத்தில் நிறுத்தினார். திரையில் கல்யாணப் பெண் கோகிலா, சிவந்த கண்ணோடு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தாள். கை வெறுமையாக இருந்தது.

நாற்காலியில் இருந்த அண்ணன் எழுந்தார். கண்ணைச் சுருக்கினார். கோகிலா முன்னால் வந்து நின்றார்.

"ஏ புள்ள கோகி, கையை நல்லா ஒட்டி வையி, சிந்திப்போடாதே."

அவள் கையை முந்தானைக்குள் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டாள். அத்தனை நாளில் முதல் தரமாக அண்ணன் முகத்தில், துண்டில் இல்லாத ஒன்று வந்தது. முறத்தோடு அப்படியே நின்றார். இவள் ஏன் வாங்க மாட்டேன் என்கிறாள் என்று புரியாமல் பார்த்தார். நெல்வாசம் பட்டறை முழுக்க அடித்தது. கொஞ்சம் நீட்டினால் போதும், சாகும் வரைக்கும் தினம் தினம் இப்படித் தலையில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது எங்களுக்கெல்லாம் தெரிந்தது, எங்களில் பலர் வீட்டிலும் அப்படி ஒருவர் வெளிச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வேண்டாண்ணா," என்றாள். "அங்க நீட்டிட்டு நிக்கறா பாரு. அவளுக்குப் போடு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். திரையில் இருந்த கைகளைப் பார்த்தார். "அட, இங்கிருக்கறயா நீயி," என்று சிரித்துக்கொண்டே நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார், நமக்குக் கேட்காத குரல் கூப்பிட்டதும் எழுந்தார், எழுந்தபடியே பட்டறையைக் கடந்து, கதவுக்குள் போகிற மாதிரிக் கொஞ்சம் குனிந்து, திரைக்குள் போனார்.

நாச்சிமுத்து படத்தை ஓட்டினார். ஒரு கட்டமும் உடையவில்லை. ஓமத்தீயின் நாக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணன் பொரி போட்டார், பாதியைச் சிந்தினார், அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, சிந்தினதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அண்ணனை வெட்டியபோது அந்தச் சிரிப்பும் கூடவே போயிருந்தது, கோகிலாவுக்கே அது நினைவில்லை. அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த முகத்தை முடிகிற வரைக்கும் பார்த்தாள். நாச்சிமுத்துவின் தோள்கள் இறங்கின. வாசலில் யாரோ, "வந்துருச்சு," என்று மெதுவாகச் சொன்னார்கள், அது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கடையில் இருக்கிற அண்ணன் மட்டும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தறிகள் ஓட ஆரம்பித்தன. கோகிலா எல்லாரிடமும் வாங்க, போங்க என்று ரொம்ப மரியாதையாகப் பேசினாள், அதைக் காதில் வாங்க எங்களுக்குப் பயமாக இருந்தது. பட்டறையில் நாற்காலி காலியாக இருந்தது, பரமேசு அதை எடுக்கப் போனார், "இருக்கட்டும்," என்றாள்.

புதன்கிழமை மத்தியானம், நாலு தறிச் சத்தத்தையும் மீறி, தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ கோகிலா. வெளிய வாடி."

மோகனசுந்தரம் கடையைச் சாத்தக்கூட இல்லாமல் மொபெட்டில் வந்திருந்தார், வண்டியை விட்டு இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"புள்ளைக்குக் காது குத்தறதுக்கு எவன் மடியிலயோ கொண்டுபோய் உக்கார வச்சயாமா. நான் செத்தா போயிட்டேன்?"

"அது எவனோ இல்ல, நீதான்," என்றாள் கோகிலா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு.

"நானா? நாற்காலியில வந்து உக்காந்தது நானா இருந்தா எனக்குத் தெரியாதா? ரண்டு வருசமா ஒரு வார்த்தை பேசல நீ. மொகம் பாக்க உடலியாம், ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியறயாமா. பழனி ரோட்டுல தாராபுரம் வரைக்கும் ஆள் உட்டுத் தேடினேன்டி உன்னைய. பொழுது எறங்கற வரைக்கும் எடுக்க உடாம அம்மா கால்மாட்டுல உக்காந்திருந்தேன், அத்தனை பேரும் என்னையத் திட்டறாங்க. ஒரு போனைச் சார்ஜ் போட்டு வச்சிருக்க மாட்டயா நீயி?"

"சாமிக்கு நடந்து போறவ எங்கண்ணா சார்ஜ் போடுவா? ஒரு ராத்திரி வச்சிருந்தா என்ன, ஐஸ் பெட்டி இல்லாத ஊரா இது?"

"பேசாதே. வாயை மூடு. ஐஸ் பெட்டியாம்."

"நீ மூடு. திதிக்குக் கூப்பிட்டயா என்னைய? கூப்பிட்டயா?"

ஒவ்வொரு பட்டறையாகத் தறிகள் நின்றன, அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள், ஒருவரும் விலக்கிவிடப் போகவில்லை. ராமலிங்கம் சம்பந்தியைத் திருப்பி ஒட்டக் கொடுக்க, டிவிடியையும் துணிப்பையையும் தேடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கோகிலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவரும் ஒன்றுகூட விடாமல் பதில் கத்தினார், மொபெட் அவருக்குக் கீழே கடகடவென்று புகை விட்டுக்கொண்டு ஆடியது, புகை தெருவை நிறைத்தது, தர்ஷிணி இருமிக்கொண்டே வாசலுக்கு வந்து இந்த மாமன் யாரைப் பார்க்கிறார் என்று பார்த்தது.

"வண்டியை அமத்திப்போட்டுத் திட்டு," என்றாள் கோகிலா. "பெட்ரோல் போகுது."

அவர் வண்டியை அணைத்தார்.